தாத்தா வீட்டு வாசல் சரிவுக்கு லோன் போடலாமா?



வேலை சென்னையில, சொந்த ஊர் இராஜபாளையம். தாத்தா கட்டின ஓட்டு வீடு, திண்ணை, முன்னாடி ரோடு வரைக்கும் இறங்குற மண் சரிவு. "பெர்சனல் லோன் எடுத்து மொத்தமா பேவர் பிளாக் போட்டுடலாம்"னு தோணுதா? வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

முதல்ல பணக் கணக்கு. 2 லட்சம், 14% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 6,835 ரூபாய். வட்டி மட்டுமே 46,000 ரூபாய் போயிடும்.

அடுத்து தண்ணிக் கணக்கு. 600 சதுர அடியில 50 மில்லிமீட்டர் மழை பெய்தா ஏறக்குறைய 2,800 லிட்டர். வாசலை மூடிட்டா, ஐப்பசி மழை அப்படியே ரோட்டுக்கு ஓடிடும். கோடையில லாரித் தண்ணிக்கு நீங்கதான் காசு கொடுக்கணும். தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு 2003-லயே கட்டாயமாச்சு, ஞாபகம் இருக்கட்டும்.

அதனால சரிவைப் படிப்படியா வெட்டுங்க. அதே 6,835 ரூபாயை ஆர்டி போட்டா, ஒரு வருஷத்துல 82,000 ரூபாய் கையில. முதல் வருஷம் கீழ் வரப்பு: முழங்கால் உயரத்துக்கு, சிமென்ட் பூசாத கல் அடுக்கு, ஓரமா வெட்டிவேர். அடுத்த வருஷம் மேல் வரப்பு, செம்பருத்தி, நந்தியாவட்டை. சுவர் அதுக்கு மேல உயரணும்னா இன்ஜினியரைக் கேட்டுக்கோங்க.

ஒண்ணு மட்டும் தள்ளிப்போடாதீங்க. அப்பா அம்மா வழுக்காம ஏறி இறங்க படியும் கைப்பிடியும் வேணும். அதை இந்த வருஷ போனஸ்லயே முடிங்க.

பெரியாழ்வார் நந்தவனம் வச்ச ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துலதான் இருக்கு. நம்ம வாசலை, அதுவும் கடன் வாங்கி, சிமென்ட்டால மூடணுமா?