வரையாட்டுக்குக் காவல் ஆட்டுப்பட்டியில்

இப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் அரசூர், 1987ஆம் ஆண்டில் கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அவ்வருஷம் அவ்வூர் ஆடுகளிடத்தில்தான் ‘ஆட்டுக்கொல்லி’ என்னும் நோய் பாரத தேசத்தில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. அங்கே கிடைத்த கிருமியையே பக்குவப்படுத்தி, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் பின்னாளில் தடுப்பு மருந்தும் உண்டாக்கினார்கள். நோய் வெளிப்பட்ட இடமும் அதன் பரிகாரத்துக்கு மூலமும் பழைய நம் ஜில்லாவாகவே இருக்கும்போது, நீலகிரியிலும் ஆனைமலையிலும் வாழும் வரையாட்டின் க்ஷேமத்தைப் பற்றிக் கடலூராரும் சிதம்பரத்தாரும் பேசுவது அதிகப்பிரசங்கம் ஆகாது என்பது என் அபிப்பிராயம்.

ஆட்டுக்கொல்லி புகுந்த பட்டியில் நடப்பது கொடிது. கடும் ஜுரம் கண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, வாய் புண்ணாகி இரையெடுக்க மாட்டாமல், கழிச்சலாலும் மார்ச்சளியாலும் ஆடுகள், அவற்றுள்ளும் இளங்குட்டிகள், மடிந்து விழும். சினையாடு பிழைத்தாலும் கருவை வீசிவிடும். கடலூர் மாவட்டத்து வேப்பூரில் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கைமாறும் ஆடு, உள்ளே நோய் இருந்தும் குறி தோன்றாத அந்த நாலைந்து நாட்களுக்குள் லாரியேறி எத்தனையோ ஊர்களைத் தாண்டிவிடும்; அறுவடைக்குப் பின் டெல்டா வயல்களில் கிடை போட வரும் கீதாரிகள் என்னும் இடையர்களின் மந்தைகளும் வழிநெடுக ஊராடுகளோடு மேய்ச்சலையும் நீரையும் பகிர்ந்துகொண்டே நடக்கின்றன. நோய்க்கு மாவட்ட எல்லை இல்லை. மலையடிவாரமும் அதற்கு எல்லை அன்று.

இத்தகைய நஷ்டத்தைத் தாங்கும் சக்தி வரையாட்டுக்குக் கிடையாது. நம் வீட்டு வெள்ளாடு ஐந்து மாதத்தில் இரண்டு குட்டிகளைக்கூட ஈன்றுவிட்டு விரைவில் மறுபடியும் சினைப்படும். வரையாடோ ஏறக்குறைய ஆறு மாதம் கர்ப்பம் தாங்கி, தை மாசியை ஒட்டி, பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனுகிறது. 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் காணப்பட்டவை 1,303. அவையும் ஒரே மந்தையாக இல்லாமல், முக்கூர்த்தி தொடங்கிக் கன்னியாகுமரி மலைகள் வரை, தோட்டங்களும் சாலைகளும் துண்டுபடுத்திய புல்மலைகளில் சிறுசிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கூட்டத்தின் ஒரு வருஷத்துச் சினை முழுவதும் வீணானால், அந்தச் சந்ததியின் இடத்தை நிரப்ப அயற்கூட்டம் வந்து சேர வழி இல்லை.

செங்குத்தான பாறையில் வாழும் பிராணிக்குப் பட்டி நோய் எப்படி வரும் என்று கேட்பவர்கள் மங்கோலியாவை நினைத்துப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டில் அங்கே வீட்டு ஆடுகளிடையே பரவிய இதே ஆட்டுக்கொல்லி, சில மாதங்களில் சைகா என்னும் மான்களை ஆயிரக்கணக்கில் கொன்று, மலைவாழ் காட்டாடுகளையும் தொட்டது. பிரான்சு தேசத்தின் பார்ஜி மலைத்தொடரில் நேர்ந்தது இன்னும் துயரமானது: கருவை வீசச் செய்வதும், கிடாயின் விதைகளை வீங்க வைத்து விருத்தியைக் கெடுப்பதுமான புருசெல்லா என்னும் கிருமி அங்குள்ள காட்டாடுகளிடம் இருப்பது 2012இல் தெரியவர, சட்டத்தால் காக்கப்பட்ட அந்த ஆடுகளை அடுத்த ஆண்டு முதல் சர்க்காரே நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொல்ல வேண்டியதாயிற்று. வரையாட்டுக்கு அப்படியொரு நாள் வரலாகாது.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில், மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பு மருந்து இடப்பட்ட பின்னர், 1961இல் சுமார் 2.5 லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் என்னும் காட்டு விலங்குகள், 1970களின் இறுதிக்குள் 10 லட்சத்தைக் கடந்து பெருகின. அவற்றில் ஒன்றுக்கும் யாரும் ஊசி போடவில்லை. ஊசி போட்டதெல்லாம் ஊர் மாடுகளுக்குத்தான்.

நம் சர்க்கார் 2022இல் ரூ.25.14 கோடியில் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்ததையும், நோயுற்ற ஆடுகளைக் கண்டு சிகிச்சை செய்வதை அதில் ஓர் அங்கமாக்கியதையும் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் கொடும்பாறையில் நிற்கும் வரையாட்டைப் பிடித்துச் சிகிச்சை செய்வது எத்தனை முறை கைகூடும்? மலையடிவாரக் கிராமங்களிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் உள்ள ஆடுகளுக்கு ஒன்றுவிடாமல் தடுப்பூசி போடும் செலவு அத்திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். அங்கே ஆடு குட்டி வீசினால், அதைப் புதைத்துவிட்டு மறந்துவிடாமல், மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப ஆள் இருக்க வேண்டும்.

சமவெளியில் இருக்கும் நமக்கும் வேலை உண்டு. அரசூர்க் கிருமியிலிருந்து பிறந்த அந்த மருந்து ஒருமுறை போட்டால் மூன்று வருஷம்வரை காக்கும். எனினும், முகாம் முடிந்த பின் பிறக்கும் குட்டிகள் மூன்று நான்கு மாதம் ஆனதும் காப்பின்றி நிற்கின்றன. ஆதலால், வருஷத்துக்கு ஒரு முகாம் நடத்திக் கணக்கை முடித்துவிடாமல், வேப்பூர்ச் சந்தையின் வாசலிலேயே கால்நடைத் துறையார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆடுகளைப் பரிசோதித்து நோயுற்றவற்றை விலக்கி வைக்கவும், கிடை மந்தைகள் நம் எல்லைக்குள் வரும் மாதங்களில் அவற்றின் குட்டிகளைத் தேடிச் சென்று ஊசி போடவும் ஆட்சியர் உத்தரவிட வேண்டும்.