குழந்தையோடு வெளிநாடு போக இன்னொருவர் கையெழுத்து எதற்கு?

ஒரு கணவன் மனைவி பிரிந்து விட்டார்கள் என்று வைத்துக் கொள்வோம். எட்டு வயதுப் பையன் அம்மாவிடம் வளர்கிறான். அப்பா மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து வெளியே அழைத்துப் போவார். அம்மாவுக்குக் கனடாவில் குடியேற வாய்ப்பு வருகிறது. படிப்பு இருக்கிறது, வேலை அனுபவம் இருக்கிறது, ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் இருக்கிறது. எல்லாம் கூடி வந்த பிறகு ஒரே ஒரு காகிதத்தில் வண்டி நின்று விடுகிறது. பையனின் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் காகிதத்துக்குப் படிவ எண் கூட உண்டு. கனடாவில் ஐ.எம்.எம். 5604. பிள்ளை குடியேறுவதற்குத் தன் சம்மதத்தைக் கூட வராத பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. ஆஸ்திரேலியாவில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் படிவம் 1229. அமெரிக்கா தன் சொந்தக் குடிமக்களிடமே கறாராக இருக்கிறது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்க அப்பா அம்மா இருவரும் நேரில் போக வேண்டும். ஒருவரால் முடியாவிட்டால் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு ஒப்புதல் அனுப்ப வேண்டும்.

வகுப்பில் ஒரு நாள் இதைப் பற்றிப் பேச்சு வந்த போது நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விட்டோம். "சோறு போட்டு, ஸ்கூலுக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தா ராத்திரி முழிச்சுப் பார்த்துக்கறது அவங்க. மாசம் ரெண்டு நாள் வர்றவர்கிட்ட போய் ஏன் கெஞ்சணும்?" என்றது ஒரு கட்சி. "அப்பான்னா பீஸ் கட்டுற ஏ.டி.எம். மிஷினா? பிள்ளையை ஆயிரக்கணக்கான மைல் தள்ளிக் கொண்டு போறதுக்கு அவரைக் கேட்கவே வேண்டாமா?" என்றது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால் தான் கொஞ்சம் படித்துப் பார்த்து என் கருத்தை எழுதலாம் என்று தோன்றியது.

என் கருத்து இது தான். அந்தக் கையெழுத்து தேவை. ஆனால் அது அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சொந்தமான சொத்து இல்லை. பிள்ளைக்கு இரண்டு பேரும் வேண்டும் என்பதற்காகப் போட்டு வைத்திருக்கும் பூட்டு. பூட்டைத் திறக்கச் சொல்கிறவர் உறவு அறுந்து போகாது என்பதற்கு வழி காட்ட வேண்டும். திறக்க மாட்டேன் என்கிறவர் காரணம் சொல்ல வேண்டும். இப்போது நம் ஊரில் இந்த இரண்டுமே நடப்பதில்லை.

முதலில் நம் சட்டம். நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அதன் அனுமதி இல்லாமல் பிள்ளையை அதன் எல்லையை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாது என்கிறது 1890-ம் ஆண்டின் காப்பாளர்கள் சட்டம். இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956-ல் வந்தது. அதில் அப்பா தான் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் "பிறகு" அம்மா. இந்தப் "பிறகு" என்ற சொல்லுக்கு "அப்பா இறந்த பிறகு" என்று மட்டும் பொருள் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாத போதும் அம்மா காப்பாளர் தான் என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் சொன்னது.

பாஸ்போர்ட் விஷயத்தில் அரசு ஓரளவு இறங்கி வந்திருக்கிறது. இருவரும் சம்மதித்தால் இணைப்பு 'டி'. ஒருவர் சம்மதம் கிடைக்காவிட்டால், காரணத்தை எழுதி மற்றவர் மட்டும் கையெழுத்திட்டுத் தரும் இணைப்பு 'சி'. ஆக பாஸ்போர்ட் கையில் வந்து விடலாம். ஆனால் குடியேற்ற விசா அப்படி இல்லை. மற்றவர் கையெழுத்து இல்லையென்றால் பெரும்பாலும் கோர்ட் உத்தரவைத் தான் காட்டியாக வேண்டும். இங்கே தான் சண்டை ஆரம்பிக்கிறது.

கையெழுத்துப் போட மறுக்கும் அப்பாக்கள் எல்லாருமே வில்லன்கள் இல்லை. அவர்கள் பயத்துக்கு ஒரு நிஜமான காரணம் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு பெற்றோர் நாடு விட்டு நாடு தூக்கிப் போவதைத் தடுக்க 1980-ல் ஹேக் நகரில் ஒரு உடன்படிக்கை செய்தார்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை மற்றவரின் உரிமையை மீறி இன்னொரு நாட்டுக்குக் கொண்டு போனால், பிள்ளை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. கனடாவில் 1983-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. இலங்கை 2001-ல் சேர்ந்தது. பாகிஸ்தான் 2016-ல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. நம் சட்ட ஆணையம் 2009-லேயே தன் 218-வது அறிக்கையில் சேரச் சொன்னது. 2016-ல் ஒரு மசோதாவின் வரைவும் வந்தது. அதோடு சரி.

சேராததற்குச் சொல்லப்படும் காரணம் நியாயமானது தான். வெளிநாட்டில் அடி உதை தாங்காமல் பிள்ளையோடு தாய் வீட்டுக்கு ஓடி வரும் பெண்ணை மறுபடி அங்கேயே அனுப்ப வேண்டி வந்து விடும் என்கிறார்கள். ஆனால் இதன் மறுபக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. பிள்ளை இங்கிருந்து அங்கே போகும் போதும் அந்த உடன்படிக்கை கிடையாது. "ஒரு வருஷம் தான், திரும்பி வந்துடுவோம்" என்று சொல்லி விட்டு அம்மா திரும்பவே இல்லை என்றால், சென்னையில் இருக்கும் அப்பா டொராண்டோவில் வக்கீல் வைத்து வழக்குப் போட வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது நடக்கிற காரியமா? எனவே அவருக்கு அந்தக் கையெழுத்து தான் கடைசி ஆயுதம். போட்டு விட்டால் கையில் ஒன்றும் இல்லை. உள்ளே வரும் பெண்களைக் காப்பாற்ற நாம் ஒதுங்கி நிற்கிறோம். அதுவே வெளியே போக நினைக்கும் பெண்களுக்குத் தடையாக வந்து நிற்கிறது.

இப்போது அம்மா பக்கம். அந்தக் கையெழுத்துக்கு விலை பேசுவது சர்வ சாதாரணம். ஜீவனாம்சத்தை விட்டுக் கொடு, நகைக் கேஸை வாபஸ் வாங்கு, வீட்டுப் பங்கை எழுதிக் கொடு, பிறகு பார்க்கலாம். பிள்ளையின் பிறந்த நாள் கூட நினைவில்லாதவர்கள் இந்த இடத்தில் திடீரென்று பாசமான அப்பா ஆகி விடுவார்கள். (அம்மா பிரிந்து போய், அப்பா வளர்க்கும் வீடுகளில் இதே கதை தலைகீழாக நடக்கும். பேராசைக்கு ஆண் பெண் பேதம் கிடையாது.) கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் வாய்தா மேல் வாய்தா. விசா அலுவலகம் நம் வாய்தாவுக்காகக் காத்திருக்காது. காலக்கெடு முடிந்தால் கோப்பு மூடப்படும். ஆக மறுப்பவர் கோர்ட்டில் ஜெயிக்கவே வேண்டாம். இழுத்தடித்தால் போதும்.

கோர்ட் இந்த விஷயத்தை எப்படிப் பார்க்க முடியும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள்.

2010-ல் ஒரு வழக்கு. விவாகரத்தான ஒரு அம்மாவுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. பையனுக்குப் பத்து வயது இருக்கும். அப்பா எதிர்த்தார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அப்பா அம்மா இருவரையும் வெளியே வைத்து விட்டுப் பையனிடம் தனியாகப் பேசினார்கள். அவன் அம்மாவுடன் இருக்கவே விரும்பினான். அழைத்துப் போக அனுமதி கிடைத்தது. அப்பா பிள்ளையைப் பார்க்கும் உரிமையும் புதிய சூழ்நிலைக்குத் தகுந்தபடி மாற்றி அமைக்கப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. ஒருவரைத் தோற்கடிக்காமல் முடிவெடுக்க முடியும் என்று காட்டியது.

2020-ல் இன்னொரு வழக்கு. அம்மா டெல்லியில், அப்பா கென்யாவில். பையனை அப்பாவோடு அனுப்ப உச்ச நீதிமன்றம் சம்மதித்தது. சும்மா இல்லை. அம்மாவின் சந்திப்பு உரிமையை உறுதி செய்து கென்ய நீதிமன்றத்திலும் இதே போன்ற உத்தரவு வாங்கி வர வேண்டும். இதைக் கண்ணாடி உத்தரவு என்கிறார்கள், அதாவது இங்கே உள்ளதை அங்கேயும் பிரதிபலிக்கும் உத்தரவு. அதோடு ஒரு கோடி ரூபாய் டெபாசிட். இவ்வளவு செய்தும் என்ன ஆயிற்று? அப்பா நீதிமன்றத்தையே ஏமாற்றி விட்டார் என்று சொல்லி, 2021 அக்டோபரில் அதே நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. சி.பி.ஐ.யை வழக்குப் பதியச் சொன்னது. பையன் அதற்குள் கென்யாவில் இருந்தான்.

ஒரு கோடி ரூபாய் கட்ட வைத்த கோர்ட்டுக்கே இந்த நிலை என்றால், வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கும் சம்மதக் கடிதம் எந்த மூலைக்கு? அப்பாவின் பயத்தை "ஈகோ" என்று ஒதுக்கி விட முடியாது என்பதற்காகத் தான் இதைச் சொல்கிறேன்.

எனவே கேட்கிறவர் எப்படிக் கேட்க வேண்டும்? விசா கடிதம் வந்த பிறகு, "நாளைக்குள் கையெழுத்து வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் படிவத்தை அனுப்பினால் யாருக்கும் கோபம் தான் வரும். விண்ணப்பிக்கும் எண்ணம் வந்த உடனேயே சொல்லி விட வேண்டும். கையோடு ஒரு திட்டமும் கொடுக்க வேண்டும்.

1. சுற்றுலாவுக்குச் சம்மதம் வேறு, குடியேறச் சம்மதம் வேறு. எதைக் கேட்கிறோம் என்பதை ஒளிவு மறைவில்லாமல் எழுத வேண்டும்.

2. பிள்ளை எப்போது வரும்? கனடாவில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் பள்ளி விடுமுறை. அதில் எத்தனை நாள் அப்பாவிடம், விமான டிக்கெட் யார் செலவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

3. பேசும் நேரம். சென்னையில் சனிக்கிழமை மாலை ஏழு மணி என்றால் டொராண்டோவில் கோடையில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. "டைம் கிடைக்கும் போது பேசலாம்" என்பதெல்லாம் ஆறு மாதத்தில் நின்று போகும்.

4. பள்ளி மதிப்பெண், மருத்துவம், முகவரி மாற்றம் எல்லாம் அப்பாவுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும்.

5. இவற்றை இங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில் உத்தரவாகப் பதிந்து, முடிந்தால் அங்கேயும் கண்ணாடி உத்தரவு வாங்க வேண்டும். முழுப் பாதுகாப்பு இல்லை தான். ஆனால் வெறும் கடிதத்தை விட நூறு மடங்கு மேல்.

மறுக்கிறவருக்கும் கடமை உண்டு. இன்ன காரணத்தால் மறுக்கிறேன், இதற்கு மாற்றாக இதைச் செய்யலாம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். 2010-ல் வாஷிங்டனில் கூடிய பல நாட்டு நீதிபதிகள் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். இடம் பெயர்வதற்கு ஆதரவாகவோ எதிராகவோ நீதிபதி முன்முடிவோடு உட்காரக் கூடாது, போகிறவர் முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நம் குடும்ப நீதிமன்றங்களுக்கும் இப்படி ஒரு வழிமுறையும், கூடவே ஆறு மாதம் என்ற கண்டிப்பான காலக்கெடுவும் வேண்டும் என்பது என் ஆசை. அந்தக் கெடுவுக்குள் காரணம் சொல்லாத மறுப்பைச் சம்மதமாக எடுத்துக் கொள்ளலாம்.

அடிக்கிறவர், பல வருஷமாகத் தலைமறைவானவர் இவர்களிடமும் போய்த் திட்டத்தை நீட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். திருமணமாகாத ஒரு தாய், அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்பாமலேயே பிள்ளைக்குக் காப்பாளர் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. பிள்ளையின் வாழ்க்கையில் இல்லாதவரை வலிந்து தேடிப் பிடித்துக் கேட்க வேண்டியதில்லை என்ற அந்த நியாயம் இங்கேயும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இத்தனை படிவங்களைப் பற்றிப் படித்தேன். பெரியவர்கள் கையெழுத்துப் போட இடம் இருக்கிறது, நோட்டரி முத்திரைக்கும் இடம் இருக்கிறது. போகப் போகிற பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. 1890-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் கூட, விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. "அம்மா வேணுமா அப்பா வேணுமா" என்று கேட்டுப் பிள்ளையை அழ வைக்கச் சொல்லவில்லை. "அங்கே போனால் எதை நினைத்து ஏங்குவாய்?" என்று கேட்டால் போதும். அப்பாவின் பைக் என்று சொல்லலாம், பாட்டி வீட்டு மாடி என்று சொல்லலாம். அந்தப் பதிலிலிருந்து திட்டத்தை எழுத ஆரம்பித்தால், கையெழுத்து கேட்கிறவருக்கும் போடுகிறவருக்கும் சண்டை போடக் கொஞ்சம் கூச்சமாவது வரும்.

நீங்கள் எந்தக் கட்சி? யோசித்துச் சொல்லுங்கள்.