பனிக்கும் ஒரு திட்டம் வேண்டும்
செங்கல்பட்டு மாவட்டத்துக்குக் குளிர்காலத் திட்டம் ஒன்று உடனே தேவை. டித்வா புயலின் எச்சம் 2025 டிசம்பர் தொடக்கத்தில் சென்னைக் கடலோரத்தில் தங்கிப் பகலையே நடுங்க வைத்தபோது, ஊட்டிக்குப் போகாமலே ஊட்டி என்று மகிழ்ந்தவர்கள் கூரைக்குக் கீழ் இருந்தவர்கள். சிங்கப்பெருமாள் கோயில் - ஒரகடம் சாலையோரம் ஈரத்தரையில் சிமென்ட் சாக்கை விரித்துத் தார்ப்பாய்க்குள் படுக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கும், விடியுமுன் செங்கல் சூளையில் மண் குழைக்கும் இருளர் குடும்பத்துக்கும் 20 டிகிரியும் ஈரக்காற்றுமே போதும். குளிர் அலை மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் உள்ளதுதான். ஆனால் கடலோரத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை 15 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இறங்கி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது குறைந்தால்தான் வானிலை ஆய்வு மையம் அப்படி அறிவிக்கும். சென்னையில் 1895-இல் பதிவான மிகக் குறைந்த அளவே 13.9 டிகிரி என்பதால் அந்த அறிவிப்புக்குக் காத்திருப்பது வீண். வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழக அரசு, மழையோடு வரும் குளிருக்கும் தனி அளவுகோல் வகுக்கட்டும். ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது நகரங்களுக்கு; தொழிற்பேட்டைகள் நகரமாக்கிவிட்ட இம்மாவட்ட ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். மூடிய அறையில் கரி மூட்டிப் படுத்தவர்கள் மூச்சுத் திணறி இறந்தது மலையூர்களில் நடந்திருக்கிறது. தொழிலாளர் கொட்டகைகளில் அந்த எச்சரிக்கையைத் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்டுவதும், போர்வையும் உலர்ந்த படுக்கையும் தருவதும் ஒப்பந்ததாரரின் உரிம நிபந்தனையாகட்டும். ஆட்சியர் இதை ஐப்பசியிலேயே முடிக்க வேண்டும்.