மைதானம் போய் வீடு திரும்பும் வழி

உதைபந்தாட்டம் என்றதும் இது ஆண்களின் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே. இம்மாதம் நான் எழுதப்போவது பந்தைப் பற்றியல்ல. பந்து விளையாடும் இடத்துக்குப் போய், இருட்டிய பிறகு பத்திரமாக வீடு திரும்புவதைப் பற்றி.

ஜேர்மனி நாட்டில் அண்மைக் காலத்தில் மூன்று பெரிய சுற்றுப்போட்டிகள் நடந்தன. 2006இல் ஆண்களின் உலகக் கிண்ணம், 2011இல் பெண்களின் உலகக் கிண்ணம், 2024இல் ஆண்களின் ஐரோப்பியக் கிண்ணம். இவை ஒரே ஊரில் நடப்பவையல்ல. 2006இல் 12 நகரங்கள், 2011இல் 9, 2024இல் 10. தனக்குப் பிடித்த அணியின் ஆட்டமெல்லாம் பார்க்க விரும்பும் ஒருவர், ஊர் ஊராக ரயிலேறத்தான் வேண்டும்.

2011இல் ஜப்பான் பெண்கள் அணியின் பின்னால் போன ஒரு ரசிகையை நினைத்துப் பாருங்கள். முதல் ஆட்டம் மேற்கே போகும் நகரில். அடுத்தது பக்கத்திலுள்ள லெவர்குசனில். மூன்றாவதற்குத் தெற்கே அவுக்ஸ்பேர்க் போகவேண்டும். காலிறுதி வடக்கே வொல்ஃப்ஸ்பேர்க்கில். அரையிறுதியும் இறுதியும் நடுவிலுள்ள பிராங்பேர்ட்டில். மூன்று வாரத்துக்குள் நாட்டின் மேற்கு, தெற்கு, வடக்கு எல்லாம் சுற்றிவிடுவாள். பிராங்பேர்ட்டில் மைதானத்துக்கென்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. வொல்ஃப்ஸ்பேர்க்கில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

அந்த ஜப்பான் அணியை நாம் மறக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26இல் நமது கரையில் நடந்தது, 2011 மார்ச் 11இல் அவர்கள் கரையில் நடந்தது. நான்கு மாதங்கூட ஆகுமுன் அந்தப் பெண்கள் ஜேர்மனிக்கு விளையாட வந்தார்கள். காலிறுதியில் ஜேர்மனியைச் சந்திக்குமுன், சுனாமி அழித்த ஊர்களின் படங்களைப் பயிற்றுநர் அவர்களுக்குக் காட்டினாராம். அந்த ஆட்டத்தை 1–0 என வென்றார்கள். இறுதியில் அமெரிக்காவுடன் 2–2 எனச் சமநிலைக்கு வந்து, தண்ட உதையில் வென்று கிண்ணத்தையும் எடுத்தார்கள். உதவிய உலக நண்பர்களுக்கு நன்றி என்று எழுதிய பதாகையைப் பிடித்தபடி மைதானத்தைச் சுற்றி நடந்தார்கள்.

பெண்களின் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்பார்கள். பேர்லினில் நடந்த தொடக்க நாள் ஆட்டத்துக்கு 73,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஆனால் இதே நாட்டில், மேற்கு ஜேர்மனியின் உதைபந்தாட்டச் சங்கம் 1955இல் பெண்கள் ஆட்டத்தைத் தடை செய்திருந்தது. பெண்ணின் நளினம் போய்விடும், உடம்புக்கும் மனதுக்கும் கேடு என்று காரணம் சொன்னார்கள். நமக்கும் கேட்டுப் பழகிய பேச்சுத்தானே! தடை 1970இல்தான் நீங்கியது. 1989இல் அவர்களுடைய பெண்கள் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது சங்கம் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? கோப்பி குடிக்கும் கோப்பை, பீரிசு அடங்கிய ஒரு செட். விளையாடி வென்றாலும் குசினியை மறக்காதே என்பதுபோல!

சரி, வழிக்கு வருவோம். 2024 போட்டியில் எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு இது: ஆட்டத்துக்கான அனுமதிச்சீட்டு வைத்திருந்தவர்கள், அந்த ஆட்டம் நடந்த பகுதியின் பஸ்ஸிலும் டிராமிலும் உள்ளூர் ரயிலிலும் 36 மணித்தியாலம் வேறு கட்டணமில்லாமல் பயணிக்கலாம். தூர ரயிலுக்கு மட்டும் தனியே கழிவு விலைச் சீட்டு. ஆட்டம் இரவு பதினொரு மணிக்கு முடிந்தாலும், வந்தவர் எப்படித் திரும்புவார் என்பதை ஒழுங்கு செய்தவர்களே முன்கூட்டி யோசித்திருக்கிறார்கள்.

அங்கே எல்லாம் சரி என்று சொல்லவரவில்லை. ஆறு நிமிடத்துக்குள் பிந்தினால் அது பிந்தியதாகவே அவர்கள் கணக்கில் வராது. அப்படியிருந்தும் 2023இல் தூர ரயில்களில் 64 வீதந்தான் நேரத்துக்குப் போயின. 2024 போட்டிக்குப் பொறுப்பாயிருந்த பிலிப் லாம்கூட, ரயில் பிந்தியதால் ஓர் ஆட்டத்தின் தொடக்கத்தைத் தவறவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போருக்கு அஞ்சி நம்மவர் பலர் அந்த நாட்டில் தஞ்சம் கேட்டார்கள். 1982இல் வந்த சட்டப்படி, தஞ்சம் கேட்டவர் தனக்குக் குறித்த மாவட்டத்தை விட்டு வெளியே போக எழுத்தில் அனுமதி எடுக்கவேண்டும். எடுக்காமல் அடுத்த ஊர் உறவினரிடம் போனால் குற்றம். 2015இல்தான் இது பெரிதும் தளர்ந்தது. 2006இல் உலகமெல்லாம் இருந்து வந்த ரசிகர்கள் ரயிலில் பாடிக்கொண்டு போனபோது, முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் அதே ரயிலில் ஏறப் பயந்தார்கள். ரயில் ஓடினால் மட்டும் போதாது. ஏறுவதற்கு உரிமையும் வேண்டும்.

இது நமக்குத் தெரியாததா? போர்க்காலத்தில் பல ஆண்டுகள் மட்டக்களப்புக்கு ரயிலே வரவில்லை. சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து, அடையாள அட்டை காட்டி, பையைக் கொட்டிக் காட்டித்தான் பயணம் செய்தோம். படுவான்கரையிலிருந்து பட்டணம் வர, வாவியில் பாதைக்காகக் காத்து நின்றோம். ஜப்பானின் உதவியுடன் மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு அங்கே அந்தக் காத்திருப்பு இல்லை. உதயதேவி, மீனகயா என்ற பெயர்களில் கொழும்புக்கு ரயில்களும் வந்தன. மீனகயா என்றால் நமது வாவியின் பாடும் மீன்தான்.

ஆனால் நமது பிள்ளைகள் மைதானத்துக்குப் போகிறார்களா? கபடியில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளையை ஏன் மறித்தீர்கள் என்று அவளுடைய தாயிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "அவள் விளையாடுறது எனக்குச் சந்தோசந்தான் தங்கச்சி. ஆறு மணிக்குப் பிறகு எங்கட ஊருக்கு பஸ் இல்ல. காணாமப் போன ஒராளத் தேடியே நான் களைச்சுப் போனன். இவளையும் றோட்டில நிண்டு பாத்துக்கொண்டிருக்க ஏலாது." இந்தத் தாயைப் பிற்போக்கு என்று யார் சொல்லமுடியும்? அவர் விளையாட்டை மறிக்கவில்லை. பஸ் இல்லாத வழியைத்தான் மறித்தார்.

ஆகவே, பாடசாலையோ சங்கமோ கோயில் நிருவாகமோ விளையாட்டுப் போட்டி ஒழுங்கு செய்தால், கிண்ணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு ஒதுக்குமுன் இரண்டைக் கேளுங்கள். பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவரும் வாகனம் எது? அதில் கூடவரும் பெரிய பெண் யார்? கடைசி பஸ்ஸின் நேரத்தைக் கேட்டறிந்து, அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னே ஆட்டத்தை முடிக்கச் சொல்லுங்கள். பஸ் இல்லாவிட்டால் தாய்மார் கையொப்பமிட்டு பிரதேச செயலகத்துக்கும் பஸ் சாலைக்கும் கடிதம் கொடுங்கள். பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள்.

அந்தத் தாய்க்கும் இதைத்தான் சொன்னேன். வாகனமும் கூடப்போக ஒரு பெண்ணும் இருந்தால் மகளை விடுவேன் என்றார். அடுத்த போட்டிக்குக் கூடப்போகத் தானே ஆயத்தம் என்றும் சொல்லியிருக்கிறார்.