இப்படிக்கு, கீழ்ப்படிந்துள்ள

ஊரிலிருந்து புதிதாக வந்து திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் கடைக்கு நிற்கும் பையன்கள் முதல் மாதத்திலேயே வாங்கும் திட்டு ஒன்று உண்டு. மலையாளம் பாதி தமிழ்தானே என்ற தைரியத்தில், வாடிக்கையாளரைப் பார்த்து ‘நிங்ஙள்க்கு எந்து வேணம்?’ என்று கேட்டுவிடுவார்கள். வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற அதிகாரியாக இருந்தால் முகம் சுண்டிப்போகும். கல்லாவிலிருந்து முதலாளி, “சாருக்கு என்ன வேணும்னு கேளுலே” என்று ஒரு சத்தம் போடுவார். பையனுக்கு ஒன்றும் புரியாது. நம் பக்கம் ‘நீங்கள்’ என்றால் மரியாதை, இங்கே ‘நிங்ஙள்’ என்றால் குற்றமா?

தென் கேரளத்தில் குற்றம்தான். இலக்கணத்தில் அது மரியாதைப் பன்மை. ஆனால் பெரியவர் ஒருவரிடம் முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைக்கு இழுக்கும் தொனி வந்துவிடுகிறது. ‘தாங்கள்’ என்று ஒன்று இருக்கிறது. அது மேடைக்கும் கடிதத்துக்கும் மட்டும். ஆகவே எதிரில் நிற்பவரைச் சுட்டுவதற்கு ‘சார்’, ‘சேட்டன்’, ‘சேச்சி’, ‘டீச்சர்’ என்று எதையாவது போட்டு நிரப்புகிறார்கள். ‘சார் எப்போ வந்நு? சாறினு சாய வேணோ?’ திருவனந்தபுரத்தில் நாள் முழுக்கக் காதில் விழும் இந்த ‘சார்’களை வெளியூர்க்காரர்கள் கூழைக்கும்பிடு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கும்பிடு இல்லை, வெறும் முன்னிலைப் பெயர். வங்கி மேலாளர் வாடிக்கையாளரை சார் என்கிறார், வாடிக்கையாளர் அவரை சார் என்கிறார், இருவரும் ஆட்டோக்காரரை ‘சேட்டா’ என்கிறார்கள்.

சாலையை ஒட்டிய ஆரியசாலையின் பழைய நாஞ்சில் நாட்டு வியாபாரிகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவர்களிடம் ‘நீ’ உண்டு, ‘நீங்க’ உண்டு, நடுவில் ‘நீரு’ உண்டு. சம வயதுச் சரக்குக்காரரிடம் “நீரு நாளைக்கு வாரும்” என்றால் அதில் உரிமையும் இருக்கும், மதிப்பும் குறையாது. வா, வாரும், வாங்க என்று வினையின் வாலிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. சாலையில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவைக் கதையாக்கிய ஆ. மாதவனின் ‘கடைத்தெருக் கதைக’ளைப் படித்தால், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதை வைத்தே ஆள் எந்த நிலையில் இருக்கிறான் என்று சொல்லிவிடலாம்.

ஆங்கிலத்துக்கும் மலையாளத்தின் அதே தொல்லை, இன்னும் பெரிய அளவில். ஒரு காலத்தில் அங்கேயும் நீ, நீங்கள் இருந்தன. ‘தௌ’ என்பது நீ, ‘யூ’ என்பது நீங்கள். சுமார் 17ஆம் நூற்றாண்டோடு தௌ வழக்கொழிந்து, கடவுளைக் கும்பிடவும் கவிதை எழுதவும் மட்டும் ஒதுங்கிவிட்டது. அரசிக்கும் யூ, அவர் வளர்க்கும் நாய்க்கும் யூ. வினையிலும் வால் இல்லை. ஆக, மரியாதையைச் சொல்ல வேண்டுமானால் நாலு வார்த்தை கூட்டித்தான் சொல்லியாக வேண்டும். ‘உட் யூ மைண்ட்’, ‘இஃப் இட்ஸ் நாட் டூ மச் ட்ரபிள்’, ‘அட் யுவர் கன்வீனியன்ஸ்’, ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’ போன்ற சொற்கோவைகள் எல்லாம் அப்படிப் பிறந்தவை. இவற்றில் எனக்குப் பிடித்தது கடைசி. இப்போது கேட்கும் உதவியை, ‘யோசித்துக்கொண்டிருந்தேன்’ என்று இறந்தகாலத்தில் தள்ளிவிட்டுக் கேட்கிறார்கள். மறுப்பதானால், எப்போதோ நினைத்த ஒன்றைத்தானே மறுக்கிறீர்கள், சங்கடம் வேண்டாம் என்பது உள்ளர்த்தம். கேட்கப்படுபவரைப் பெரியவர் என்றோ கருணைக்கடல் என்றோ இவற்றில் எதுவும் புகழவில்லை. முடியாது என்று சொல்ல அவருக்கு இடம் விட்டுவைக்கின்றன, அவ்வளவுதான். தமிழில் ‘முடிஞ்சா’, ‘உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா’, ‘கொஞ்சம்’ ஆகியவை செய்யும் வேலை.

நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் இது இல்லை. ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கி, ‘கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்’ என்று கெஞ்சி, ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று முடியும் விடுப்புக் கடிதம்தான் பெரும்பாலான தமிழர்கள் ஆங்கிலத்தில் எழுதிய முதல் இலக்கியம். அதில் காய்ச்சல் பொய்யாக இருக்கலாம், கீழ்ப்படிதல் மட்டும் கட்டாயம். தலைமையாசிரியரை ‘டியர்’ என்று எழுத நம் கை கூசியது. அதனால் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஒன்று வந்தது. இங்கிலாந்தில் யாரும் அப்படி எழுதுவதில்லை. இன்னொன்று ‘வித் டியூ ரெஸ்பெக்ட்’. நம் ஊர் மனுக்களில் அது பணிவான வணக்கம். ஆங்கிலேயர் வாயில் ‘நீங்கள் சொல்வது தப்பு, இதோ சொல்கிறேன் கேளுங்கள்’ என்பதற்கு முன்னறிவிப்பு. ‘டூ த நீட்ஃபுல்’ இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். அங்கே அது எப்போதோ பழசாகிப் போய்விட்டது. இங்கே தாலுகா அலுவலகத்தில் திடகாத்திரமாக இருக்கிறது.

இந்த மனு ஆங்கிலத்திலிருந்து ஒருவர் வெளியே வந்ததற்கு நம்மிடம் எழுத்துச் சான்றே இருக்கிறது. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை கேட்டு எழுதிய கணித மேதை ராமானுஜன், வேலையை அருளும்படி இறைஞ்சி, தங்கள் மிகவும் கீழ்ப்படிந்துள்ள ஊழியன் என்று கையெழுத்திட்டார். மார்ச் முதல் தேதியில் வேலை கிடைத்தது, மாதம் 30 ரூபாய். அடுத்த ஆண்டு ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜிலிருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதுகிறார். ஆரம்பத்தில் அதே ‘ஐ பெக் டு’ இருக்கிறது, பழக்கம் விடுமா? ஆனால் முடிவில் ஊழியன் இல்லை. தரும் சிரமத்துக்குப் பொறுத்தருளக் கேட்டுவிட்டு, ‘யுவர்ஸ் ட்ரூலி’ என்று முடிக்கிறார். வேலை கொடுப்பவரிடம் குனிந்தவர், கணக்குத் தெரிந்தவரிடம் அவருடைய நேரத்தை மட்டும் மதித்து நிமிர்ந்துவிட்டார். இடையில் போனது ஒரு வருடம்கூட இல்லை.

ஆனாலும் அந்தக் ‘கீழ்ப்படிந்துள்ள ஊழிய’னை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. அதற்குக் காரணம் இந்த ஊர்.

ஆரியசாலையிலிருந்து ‘கிழக்கேகோட்டை’ நடக்கிற தூரம்தான். அந்தக் கோட்டைக்கென்று ஒரு தனி மொழி இருந்தது. திருவிதாங்கூர் மகாராஜா தூங்கமாட்டார், ‘பள்ளிக்குறுப்பு’ கொள்வார். சாப்பிடமாட்டார், ‘அமிர்தேத்து’ நடக்கும். சாகவும் மாட்டார், ‘நாடு நீங்குவார்’. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. இதன் மறுபக்கத்தை, திருவிதாங்கூரில் பணியாற்றிய லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் மேல்சாதியாரிடம் பேசும்போது நான் என்று சொல்லக் கூடாது, ‘அடியன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தான் உண்பதைச் சோறு என்று சொல்லக் கூடாது, ‘கரிக்காடி’ என்று சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளைக் கன்று என்றோ குரங்கு என்றோ குறிப்பிட வேண்டும். வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டும். இதற்குப் பேர் ஆசாரபாஷை. மேலே இருப்பவர் யாரும் கீழே இருப்பவரிடம் தன்னை அடியன் என்று சொன்னதில்லை.

ஆங்கில அலுவல் கடிதத்தில் விஷயம் வேறு. குமாஸ்தா கவர்னருக்கு எழுதினாலும் ‘கீழ்ப்படிந்துள்ள ஊழியன்’, கவர்னரின் செயலாளர் குமாஸ்தாவுக்குப் பதில் போட்டாலும் ‘கீழ்ப்படிந்துள்ள ஊழியன்’. பதிலில் தண்டனையே இருக்கலாம், வேலைநீக்கமே இருக்கலாம், கையெழுத்துக்கு மேலே அந்த வரி இருக்கும். பொய்தான். இரண்டு பக்கமும் சரிசமமாகச் சொன்ன பொய்.

அதனால்தான் இந்த ஊரில் உரிமை கேட்டவர்கள் அந்த ஆங்கிலத்தைக் கையில் எடுத்தார்கள். 1891 ஜனவரியில் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கொடுத்தது ‘மலையாளி மெமோரியல்’. அரசு வேலைகளை வெளியிலிருந்து வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பது புகார். வெளியிலிருந்து வந்தவர்கள் என்றால் முக்கியமாகத் தமிழ் பிராமணர்கள். அப்போது திவான் டி. ராமராவ். அந்த மனுவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பேட்டையைச் சேர்ந்த டாக்டர் பல்பு. ஈழவர் என்பதால் இங்கே மருத்துவம் படிக்க இடம் மறுக்கப்பட்டு, சென்னையில் படித்து, மைசூர் அரசில் வேலை பார்த்தவர். 1896இல் அவர் முன்னின்று 13,176 பேரிடம் கையெழுத்து வாங்கி ‘ஈழவ மெமோரியல்’ கொடுத்தார். சாதகமான பதில் வரவில்லை. ஆனால் பாருங்கள், தெருவில் அடியன் என்று வாய்பொத்தச் சொல்லப்பட்ட சமூகம், காகிதத்தில் ‘மெமோரியலிஸ்ட்’. முதல் மனுவின் நாயர்களுக்கு என்ன பெயரோ அதே பெயர். பணிவு இருந்தது, எல்லாருக்கும் ஒரே அளவில் இருந்தது. கரிக்காடிக்கு அதில் இடமில்லை.

அந்தப் பணிவையும் உதறியவர் காந்தி. 1894இல் நேட்டாலில் இந்தியர்களின் வாக்குரிமைக்காக எழுதிய மனுவை, இந்த நீதிக்கும் கருணைக்கும் மனுதாரர்கள் என்றென்றும் பிரார்த்திக்கக் கடமைப்பட்டவர்கள் என்ற பழைய வாய்பாட்டில் முடித்தவர் அவர்தான். 1930 மார்ச் 2இல் வைசிராய் இர்வினுக்கு, உப்புச் சட்டத்தை மீறப்போகிறேன் என்று எழுதும்போது தொடக்கம் ‘டியர் ஃப்ரெண்ட்’, முடிவு ‘யுவர் சின்சியர் ஃப்ரெண்ட்’. கடிதம் நெடுக இர்வினைப் பற்றி ஒரு கடுஞ்சொல் இல்லை. வைசிராயின் சம்பளத்தைச் சராசரி இந்தியனின் வருமானத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார், அப்போதும் மரியாதையாகவே.

இப்போதைய கேரளத்துக்கு வருகிறேன். 2021இல் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் கிராமப் பஞ்சாயத்து, அலுவலகத்துக்கு வருபவர்கள் சார், மேடம் என்று சொல்ல வேண்டியதில்லை என்று தீர்மானம் போட்டது. மனுவில் ‘அபேக்ஷிக்கிறேன்’, அதாவது வேண்டிக்கொள்கிறேன், என்பதற்குப் பதில் ‘அவகாசப்படுகிறேன்’, அதாவது உரிமையோடு கேட்கிறேன், என்று எழுதலாம் என்றும் சொன்னது. எதிரும் புதிருமான கட்சிகள் ஒரே குரலில் கையைத் தூக்கின. கேரளத்தில் அது தனி அதிசயம். பிறகு அரசும் விண்ணப்பங்களில் ‘தாழ்மையாயி’ வேண்டாம், அபேக்ஷிக்கிறேன் போதும் என்று உத்தரவு போட்டது. நீதிமன்றங்களில் 2006லேயே ‘மை லார்ட்’ கட்டாயமில்லை என்று இந்திய பார் கவுன்சில் விதி செய்தாயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சந்துரு தன்னை அப்படி அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் லார்டுகள் குறைந்தபாடில்லை.

மாத்தூர் தீர்மானம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவர்கள் கை வைத்தது தப்பான சொல்லிலோ என்று ஒரு சந்தேகம். சாரை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? நிங்ஙள் என்றால் குமாஸ்தா முறைப்பார். பதவிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம், ஆனால் ‘செக்ரட்டரிக்குச் சுகமா?’ என்று பாட்டி ஒருத்தி கேட்பாளா? சார் என்று மனுதாரர் சொல்லட்டும், மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவரும் மனுதாரரை சார் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். வங்கியில் நடக்கிறதே.

அப்படிக் கொடுத்து வாங்கும் மரியாதை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் நவராத்திரிக்கு எங்கள் தெருவுக்கு வரலாம். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகிறார்கள். சரஸ்வதி கோட்டைக்குள், நங்கை செந்திட்டையில், முருகன் ஆரியசாலைக் கோயிலில். 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபிறகு இந்தச் சாமிகள் வேறு மாநிலத்துக்காரர்கள். பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே இரு மாநிலத்தாரும் நிற்க, ராஜாவின் உடைவாள் கைமாறுகிறது. தமிழ்நாட்டுக் காவலர்களும் கேரளக் காவலர்களும் சாமிக்கு அணிவகுப்பு மரியாதை செய்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணைத் தகராறு நீதிமன்றத்தில் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் ஊர்வலம் வந்தது, துப்பாக்கிகள் தாழ்ந்து வணங்கின.

எங்கள் முக்கில் இருக்கும் டிடிபி கடைக்கு இந்தப் புதிய உத்தரவுகள் எல்லாம் அத்துப்படி. போன வாரம் நான் நகல் எடுக்க நின்றபோது, பெரியவர் ஒருவர் நிலவரி விஷயமாக வில்லேஜ் ஆபீஸுக்கு மனு அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நெல்லைப் பக்கத்துத் தமிழ், ஐம்பது வருடத்து மலையாளம் கலந்தது. கணினி முன்னால் இருந்த பெண், “அண்ணாச்சி, இப்ப ‘தாழ்மையாயி’ எழுத வேண்டாம்னு சர்க்காரே சொல்லியாச்சு, எடுத்துடறேன்” என்றாள். பெரியவர் திரையை நெருங்கிக் குனிந்து, அந்தச் சொல் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“சர்க்கார் சொல்லும் மோளே. நெலம் என்னோடதுல்லா. அது அங்கனே கிடக்கட்டும். வேணும்னா கடைசியிலயும் ஒண்ணு போடு.”

அவள் போட்டாள். பக்கத்துக்கு முப்பது ரூபாய், சொல்லுக்கில்லை.