வராமல் போனவர்களிடமும் கேளுங்கள்

எச்.ஐ.வி. சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வரும் ஒருவரிடம், 'சேவை திருப்தியாக இருக்கிறதா?' என்று கேட்டால், 'இருக்கிறது' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதிலில் பொய் இல்லை. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தபோது இந்த நோய்க்குக் கொடுக்க உருப்படியான மருந்தே கிடையாது. பின்னர் மருந்து வந்தது. ஆனால், அதை விலை கொடுத்து வாங்க ஏழைகளால் முடியவில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அப்போதே அந்தத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. இன்று ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் நன்றியோடு பேசுவது இயல்பு. ஆனால், நன்றியையும் திருப்தியையும் ஒரே கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆயுள் முழுக்க எந்த வாசலில் போய் நிற்க வேண்டுமோ, அந்த வாசலிலேயே வைத்துக் கேட்டால் குறை சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. அன்றைக்கு மருந்து வாங்க வந்தவர்கள்தான் பதில் சொல்கிறார்கள். மனம் வெறுத்துச் சிகிச்சையை நிறுத்தியவர்கள் அந்தக் கணக்கெடுப்பில் இல்லவே இல்லை.

அதனால் 'திருப்தியா?' என்ற பொதுக் கேள்வியை விட்டுவிட்டு, நடந்ததைக் கேட்க வேண்டும். இன்று எத்தனை மணி நேரம் காத்திருந்தீர்கள்? ஒரு நாள் கூலி போயிற்றா? ஆலோசகர் பேசும்போது பக்கத்தில் வேறு யாரும் இருந்தார்களா? மாத்திரை ஒத்துக்கொள்ளாததைச் சொல்ல இடம் கிடைத்ததா? தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயத்தில் சொந்த ஊர் மையத்தைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்குப் பேருந்து ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கிய டப்பாவின் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு, பைக்குள் கிடந்து கலகலக்காமல் இருக்க மாத்திரைகளை வேறு பொட்டலத்துக்கு மாற்றிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களும் உண்டு. சிகிச்சை எப்படி நடக்கிறது என்பது இந்தப் பதில்களில்தான் தெரியும். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போடும் படிவத்தில் தெரியாது.

ரத்தத்தில் வைரஸ் அளவு குறைந்ததா என்பது மட்டுமே முக்கியம், மனநிறைவை அளப்பது வீண்வேலை என்று வாதிடுவோர் உண்டு. வைரஸ் கட்டுப்பாடு முதன்மையானது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பரிசோதனையில் வைரஸ் தென்படாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பதை இணையர்களிடம் நடத்திய பெரிய ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. ஆனால், அந்த நிலை நீடிப்பது தினமும் தவறாமல் மாத்திரை போடுவதைப் பொறுத்தது. வைரஸ் அளவு என்பது மையத்துக்கு வந்து ரத்தம் கொடுத்தவரின் கணக்கு. வராதவர் அதிலும் விடுபட்டுப்போகிறார். ஒருவர் வருவதை நிறுத்தப் போகிறார் என்பதை அவருடைய மனக்குறையில் முன்கூட்டியே பார்த்துவிட வாய்ப்பிருக்கிறது. ரத்தத்தில் அது தெரியும்போது காலம் கடந்திருக்கும். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அதிகத் திருப்தி தெரிவித்த நோயாளிகளிடையே மருத்துவச் செலவும் இறப்பும் கூடுதலாக இருந்ததாக அது சொன்னது. அது நோயாளி கேட்டதையெல்லாம் எழுதிக்கொடுக்கும் வாய்ப்புள்ள பொது மருத்துவத்தைப் பற்றியது. இங்கே மருந்து முறையைத் தேசிய வழிகாட்டுதல் முடிவு செய்கிறது. நோயாளியின் மனம் குளிர மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லை.

காத்திருப்புக்கும் நெரிசலுக்கும் காரணம் கேட்டால் வரும் 'ஊழியர் பற்றாக்குறை' என்பது நியாயமான பதில்தான். மையங்களை நடத்துகிறவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள்; நெரிசலின் எரிச்சலை அவர்களும்தான் சுமக்கிறார்கள். ஆனால், காத்திருப்பு என்ற நோயாளியின் பெரிய குறையைத் தீர்க்கும் வழி ஊழியரின் சுமையையும் குறைக்கும். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கான மருந்தை ஒரே தடவையில் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படிக் கொடுத்தால் வரிசை குறையும், கூலியும் மிஞ்சும். அதற்கு முதலில் கையிருப்பு வேண்டும். 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் தொற்றுள்ளோர் போராட வேண்டிய நிலை வந்தது. மருந்தே சரிவர வராதபோது எந்த ஆலோசகரின் கனிவும் போதாது.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். தொற்றுள்ளோரே நடத்தும் அமைப்புகள் 1990-களிலேயே சென்னையில் தோன்றியவை. கருத்துக் கேட்கும் வேலையை மைய ஊழியரிடமிருந்து எடுத்து, நிதியோடு அவர்களிடம் ஒப்படைக்கலாம். நோயாளியின் விவரத்தை வெளியிடக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது, அந்தக் கட்டுப்பாடு அவர்களுக்கும் பொருந்தட்டும். சிகிச்சையை விட்டவர்களைத் தேடிப்பிடித்துத் திரும்ப அழைத்துவரும் களப்பணி ஏற்கெனவே நடக்கிறது. அந்தச் சந்திப்பிலேயே 'ஏன் வருவதை நிறுத்தினீர்கள்?' என்று கேட்டு, வரும் பதிலை மையவாரியாகத் தொகுத்து, வைரஸ் கட்டுப்பாட்டுப் புள்ளிவிவரத்துக்குப் பக்கத்திலேயே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.