பச்சை மையும் பிரவுசர் எச்சரிக்கையும்

போன மாதம் புதுக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். வங்கித் தளத்தைத் திறந்ததும், 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று ஒரு எச்சரிக்கை வந்து வழியை மறித்தது. அங்கிருந்த தம்பி, "இது எப்பவும் வர்றதுதான் சார், அட்வான்ஸ்டு அழுத்தித் தாண்டிப் போயிடலாம்" என்றார். 'எப்பவும் வர்றதுதான்' என்ற அந்தப் பேச்சைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

நம் காலத்தில் சான்றிதழ் நகலில் கெஜட்டட் அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். நம்மை முன்பின் அறியாத அலுவலகமும் அதை நம்பி நகலை ஏற்றுக்கொள்ளும். இணையத்திலும் இதே ஏற்பாடுதான். 'இது இன்ன தளம்தான்' என்று ஒரு சான்றளிக்கும் நிறுவனம் கையெழுத்திடுகிறது. எந்தெந்த நிறுவனங்களின் கையெழுத்தை நம்பலாம் என்ற பட்டியல் பிரவுசரிடமோ கணினியிடமோ இருக்கும். கையெழுத்திட்டவர் பட்டியலில் இல்லாவிட்டாலும், தேதி முடிந்திருந்தாலும், பெயர் பொருந்தாவிட்டாலும் எச்சரிக்கை வரும்.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல. 2014 ஜூலையில் நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் நடந்தது. மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையத்தின் (என்.ஐ.சி.) சான்றளிக்கும் அதிகாரத்தின் கீழ், கூகுள், யாகூ தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்கள் வெளியானது தெரியவந்தது. விண்டோஸின் பட்டியல் அவற்றை நம்பியது. தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் நம்பவில்லை. நம் அம்மன் காசு சமஸ்தானத்துக்குள் செல்லும், வெளியே செல்லாது என்பதைப் போலத்தான். சான்றளிப்போரைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, அந்த மையத்தின் அதிகாரச் சான்றிதழ்களை உடனே ரத்து செய்தது. அரசு முத்திரையே தவறிப்போகும் என்றால், எச்சரிக்கையை அலட்சியம் செய்வது எப்படிச் சரியாகும்?

பிரவுசிங் சென்டர் கதையை முடித்துவிடுகிறேன். திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். பல வருடம் பின்தங்கியிருந்தது. கணினிக்குள் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோனால் இப்படி ஆகும். தேதியைச் சரிசெய்ததும் எச்சரிக்கை மறைந்தது. தாண்டிப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

எல்லாத் தளத்திலும் எச்சரிக்கை வந்தால் கோளாறு பெரும்பாலும் நம் பக்கம்: தேதி, அல்லது பழைய மென்பொருள். 2021 செப்டம்பர் 30 அன்று ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதுப்பிக்காத பல பழைய கருவிகளில் நல்ல தளங்களும் திறக்கவில்லை. ஒரே தளத்தில் மட்டும் வந்தால் கோளாறு பெரும்பாலும் அவர்கள் பக்கம். அதைப் புதுப்பிப்பது அவர்கள் கடமை. சான்றிதழைக் காலாவதியாக விட்டுவிட்டு, 'தாண்டி வாருங்கள்' என்று மக்களுக்குச் சொல்லும் எந்த அலுவலகமும் திருடனுக்கு வழி காட்டுகிறது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். எச்சரிக்கை வராததால் மட்டும் தளம் யோக்கியமானது ஆகிவிடாது. மோசடிக்காரனும் தன் தளத்துக்குச் சான்றிதழ் வாங்கலாம். முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், கடவுச்சொல்லோ ஓ.டி.பி.யோ கொடுக்காமல் மூடிவிடுங்கள். வங்கிக்கு நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் தாமதமானால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.